விசாரணை ஐயா குடித்த கற்றாழை

நண்பர்களே, மலையிலிருந்து கப்பலேறி வந்த நம்மில் பாதிப் பேருக்கு இரத்த அழுத்த மாத்திரை ஒரே நிறம். மீதிப் பேருக்குச் சீனி வியாதி. அதனால் கோபம் வருகிற எதையும் எழுதாதே, சிரிக்கிற மாதிரி ஏதாவது எழுது என்று வீட்டில் சொல்கிறார்கள். முப்பது வருஷமாக நானும் அதைத்தான் செய்தேன். கல்யாண வீடுகளில் என்னைக் கண்டதும் ஜனங்கள் முன்கூட்டியே பல்லைக் காட்டத் தொடங்கிவிடுகிறார்கள். நான் வாயைத் திறந்திருக்கவே மாட்டேன். இன்றைக்கு அந்த வேலைக்கு லீவு. ஒரு சாராயத்தைப் பற்றிச் சொல்லப்போகிறேன். அதைக் காய்ச்சியவர் என் மாமா. குடித்தவர் வேறொருவர். ஒரு சொட்டும் குடிக்காத எனக்குத்தான் அது இன்னும் இறங்கவில்லை.

கொழும்புக்குக் கிழக்கே தேயிலை மலையில், லிந்துலைக்கு மேலே, எங்கள் லயத்து வரிசை வீடுகளில் கடைசிக் காம்பரா எங்களுடையது. பக்கத்து வீடு ஒரு பக்கம்தான் என்பதால் சண்டை பாதி, குளிர் இரட்டிப்பு. காற்று அடிக்கும் அந்தச் சுவரை ஒட்டித் தண்ணீர் ஓடும் கான். கானுக்கு அப்பால் ஓர் ஆனைக் கற்றாழை. தலைக்குத் தேய்க்கிற சோற்றுக் கற்றாழையை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது ஆள் உயரம். மடல் ஒவ்வொன்றும் அன்றைய என் தொடையைவிடப் பருமன், ஓரமெல்லாம் முள், நுனியில் கோணி தைக்கிற ஊசி மாதிரி ஒன்று. துரைமார் எல்லை வேலிக்கு வைத்த செடி. அப்பா கல்யாணமான வாரத்தில் எல்லையிலிருந்து ஒரு கன்றைப் பிடுங்கி வந்து அங்கே நட்டாராம். புதுப் பெண்டாட்டிக்கு ரோஜாச் செடி நட்டிருக்கலாமே என்று கேட்டால், ரோஜாவை மாடு தின்னும், இதைத் தின்னாது என்பார். அப்பாவின் காதல் அவ்வளவு கணக்கானது.

கற்றாழை மடலில் ஊக்கால் கீறினால் முதலில் பச்சையாக நீர் கசியும். பிறகு வெளுக்கும். வருஷம் போகப்போக அந்தக் கீறல் தடித்துப் பழுப்பேறி வடுவாகிவிடும். மடல் இருக்கும்வரை அழியாது. உங்களில் சிலர் எல்லை வேலியில் யார் யார் பெயரையோ கீறியிருப்பது எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன், உங்கள் வீட்டம்மாக்களும் இதை வாசிப்பார்கள். எங்கள் அப்பா தன் பெயரையும் அம்மா பெயரையும் கல்யாண வருஷத்தையும் ஒரு மடலில் கீறினார். பிறகு ஒரு மடலில் என் அக்காவின் பெயரும் பிறந்த தேதியும். ஒன்றரை வருஷம் கழித்து, அதே மடலில், அக்கா காய்ச்சலில் போன தேதி. அதற்கும் சில வருஷம் கழித்து வேறொரு மடலில் நான்.

அக்காவை நான் பார்த்ததில்லை. அவள் பிறந்ததையும் யாரும் பதியவில்லை, இறந்ததையும் பதியவில்லை. அவளுடைய பெயர் எழுதப்பட்டிருந்த ஒரே இடம் அந்த மடல். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் கானோரம் சட்டி கழுவிவிட்டு எழும்பும்போது ஈரக்கையால் அந்த வடுவை ஒரு தடவு தடவிவிட்டுத்தான் உள்ளே வருவாள். சாமி படத்துக்குக்கூட அவ்வளவு ஒழுங்காகக் கும்பிட்டதில்லை.

நாடு சுதந்திரம் அடைந்து பத்து வருஷம் ஆகப்போகிற சமயம். சுதந்திரம் வந்த சூட்டோடு எங்களுக்கு இருந்த ஓட்டைப் பிடுங்கிக்கொண்டு, பிரஜாவுரிமை வேண்டுமென்றால் மனுப் போடுங்கள், இத்தனை வருஷம் விட்டுப்போகாமல் இங்கேதான் இருந்தோம் என்று காட்டுங்கள் என்றார்கள். அப்பா மனுப் போட்டிருந்தார். பல வருஷம் தூங்கிய மனு திடீரென விழித்துக்கொண்டது. விசாரணைக்கு ஆள் வருகிறார் என்று தகவல் வந்தது. இன்னும் ஆறேழு வாரம்.

அப்பா பிறந்ததே அந்தத் தோட்டத்தில். பன்னிரண்டு வயதில் பேர் பதிந்து வேலைக்குப் போனவர். ஆனால் ஆள் பேர் பதியும் பழைய செக்ரோல் புத்தகங்கள் ஆபீஸ் கூரை ஒழுகி, நனைந்து, ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே கட்டியாகிவிட்டன என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். கூரையை மேயாமல் விட்டது துரை. அதற்கு நாடில்லாமல் போகவேண்டியவர் அப்பா. அந்த நியாயம் அப்போது எனக்கு விளங்கவில்லை. இப்போதும் விளங்கவில்லை, வயது ஒரு காரணமில்லை.

இங்கே மாமா வருகிறார். அம்மாவுக்கு அண்ணன். தேயிலை ஆலையான ஸ்டோரில், ரோதைச் சக்கரம் ஓடும் பக்கம் வேலை. குழாய், நெருப்பு, ஆவி எல்லாம் அவருக்கு அத்துப்படி என்பது அவரே பரப்பிய செய்தி. ஒரு கோடையில் எல்லை வேலியில் தீப்பிடித்துக் கற்றாழைகள் வெந்துபோயின. மறுநாள் காட்டுப்பன்றிகள் வந்து அவற்றின் அடிக்குருத்தைத் தோண்டித் தின்பதை மாமா பார்த்தார். பன்றி விட்டுப்போன மிச்சத்தைத் தானும் தின்று பார்த்தார். கருப்பட்டி மாதிரி இனித்ததாம். மனிதனும் பன்றியும் ஒரே முடிவுக்கு வந்தால் அதற்குப் பெயர் விஞ்ஞானம் என்பது மாமாவின் கட்சி. இனிப்பு என்றால் சாராயம். அடுத்த கேள்வியே அவருக்கு எழவில்லை. வேலியில் இரண்டு இளம் செடிகளை வெட்டிக் காய்ச்சிப் பார்த்தார். நாற்றம்தான் இறங்கியது. அதிலிருந்து ஒன்று கற்றுக்கொண்டார்: செடி இருபது வருஷம் முற்றவேண்டும், நடுவிலிருந்து பூத்தண்டு கிளம்புகிற வருஷத்தில், பூப்பதற்கு முன்னால் வெட்டவேண்டும். பூத்துவிட்டால் இனிப்பெல்லாம் பூவுக்குப் போய்விடும், செடியும் செத்துவிடும்.

அந்த வருஷம் எங்கள் கற்றாழையில் தண்டு கிளம்பியது.

விசாரணை ஐயாவுக்கு விருந்து வைப்பது என்பது எழுதாத சட்டம். மற்ற லயங்களில் ஹட்டனிலிருந்து சீல் போத்தல் வாங்கி வைத்திருந்தார்கள். மாமா அதைக் கேட்டுச் சிரித்தார்.

“எல்லாரும் குடுக்கிறதையே நம்மளும் குடுத்தா நம்ம மூஞ்சி அவருக்கு எப்படி ஞாபகம் இருக்கும் மச்சான்? ஒரு வாய் குடிச்சாருன்னா சாகுற வரைக்கும் மறக்கக் கூடாது. அப்படி ஒண்ணு குடுப்போம்.”

அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமலே சொன்னாள்: “அதுல புள்ள பேரு இருக்குண்ணே.”

“அது எப்படியும் பூத்துச் சாகத்தானே போகுது.”

“சாகட்டும். தானா சாகட்டும்.”

அப்பா, ஒரு நல்ல மனிதர் தன் வாழ்க்கையில் சொல்லக்கூடிய மிக மோசமான வாக்கியத்தை மிக மெதுவாகச் சொன்னார்: “பேப்பர் கெடச்சிருச்சின்னா எல்லாத்தையும் பேப்பர்லயே எழுதிக்கலாம் புள்ள.”

தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு இருவரும் போனார்கள். அம்மா அவர்களுக்கு முன்னால் போய் அக்காவின் மடலை மட்டும் தானே அறுத்து எடுத்துக்கொண்டாள். என் மடல் மற்றவற்றோடு கானில் போயிற்று. உயிரோடு சட்டி உருட்டிக்கொண்டிருக்கிறவளுக்கு மடல் எதற்கு என்று நினைத்திருப்பாள். கல்யாண மடல் அடியில் முன்பே காய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. நன்றாகப் பற்றும் என்று மாமா அதை அடுப்புக்கு எடுத்து வைத்தார். வெட்டி முடித்தபோது இருவர் கையிலும் கற்றாழைப் பால் பட்டு முழங்கைவரை தடித்துவிட்டது. இரண்டு நாள் மாமா சொறிந்துகொண்டே தத்துவம் பேசினார்.

மடலெல்லாம் போனபிறகு நடுவில் நின்றது குருத்து. ஒரு பெரிய பலாப்பழம் போல, வெள்ளையாக. மார்பளவு குழி வெட்டி, ஆற்றுக் கல்லைப் போட்டு, கவ்வாத்தில் விழுந்த தேயிலை மிலாறுச் சுள்ளியை எரித்துக் கல்லைச் சிவக்க வைத்தார்கள். பற்றவைத்தது கல்யாண மடலில்தான். குருத்தைப் பிளந்து கல்மேல் அடுக்கி, நனைத்த சாக்குப் போட்டு மண்ணால் மூடினார்கள். மூன்றாம் நாள் திறந்தபோது அது பழுப்பாகிப் பாகு சொட்டிக்கொண்டிருந்தது. அந்த வாசனைக்கு லயத்துப் பிள்ளைகள் அத்தனையும் குழியைச் சுற்றி நின்றோம். ஆளுக்கொரு நார் கொடுத்தார்கள். மென்றால் இனிப்பு, மென்று முடித்தால் கயிறு. கோபத்தோடு எழுத உட்கார்ந்திருக்கிறேன், ஆனால் அந்த இனிப்பை மறுத்தால் பொய் சொன்னவளாவேன்.

உலக்கையால் இடித்துச் சாற்றைத் தண்ணீரோடு இரண்டு பானையில் ஊற்றினார்கள். சீனி போடவில்லை; போட்டால் அது வெறும் கசிப்புச் சாராயம், போடாவிட்டால்தான் மரியாதை என்றார் மாமா. ஆனால் எங்கள் ஊர்க் குளிரில் எதுவும் லேசில் புளிக்காது. நாலு நாளாகியும் பானை செத்த மாதிரி இருந்தது. மாமா யோசித்து, அம்மாவின் கம்பளியை எடுத்துப் பானைகளுக்குச் சுற்றினார். மழையில் கொழுந்து பறிக்கிற பெண்கள் தலையோடு போர்த்துக்கொள்ளும் அந்தக் கறுப்புக் கம்பளி. அம்மாவுக்கு இருந்தது ஒன்றுதான். பதினொரு நாள் அவள் உரச்சாக்கைத் தலையில் மாட்டிக்கொண்டு மலைக்குப் போனாள். உதடு நீலம் பாய்ந்து திரும்புவாள். அந்தப் பதினொரு நாளும் பானைக்குக் குளிரவில்லை. இதைப் பற்றி அப்பாவோ மாமாவோ ஒரு வார்த்தை பேசியதாக எனக்கு ஞாபகம் இல்லை. நாட்டுக்கு விண்ணப்பித்தவர்கள் கம்பளியைப் பற்றியா பேசுவார்கள்?

எங்கள் பக்கத்தில் சாராயம் காய்ச்சுவது பகல் தொழில். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூடுபனி இறங்கியதும், மலைத் தண்ணீர் கொட்டும் பீலிக்குக் கீழே உள்ள மடுவில் அடுப்பு மூட்டினார் மாமா. பனியும் புகையும் ஒரே நிறம். எது எது என்று துரையின் தூரக் கண்ணாடிக்கும் தெரியாது. அடியில் சாற்றுப் பானை, அதன்மேல் துளையிட்ட பானை, அதற்குள் ஒரு கிண்ணம், கிண்ணத்திலிருந்து வெளியே வரும் மூங்கில் குழாய், எல்லாவற்றுக்கும் மேலே பீலித் தண்ணீர் ஊற்றிய சட்டி. இடுக்குகளை மாவுப் பசையால் அடைத்திருந்தார். ஆவி மேலே போய்க் குளிர்ந்த சட்டியில் மோதிச் சொட்டி, குழாய் வழியாக வந்தது. முதல் கோப்பையை ரோதை முனிக்கென்று தரையில் ஊற்றினார். ஸ்டோர் இயந்திரத்தில் குடியிருக்கும் அந்தச் சாமிக்குத்தான் முதல் பங்கு. முதலில் இறங்குவது மனிதனுக்கு ஆகாத விஷம் என்பதும் அவருக்குத் தெரியும். பக்தியும் ஜாக்கிரதையும் அவரிடம் ஒரே கோப்பையில் இருந்தன.

பிறகு இறங்கியதைப் போத்தலில் பிடித்துக் குலுக்கினார். கழுத்தோரம் மணிமணியாக நுரை நின்றது. ஒரு கரண்டியில் ஊற்றிக் கொளுத்தினார், நீலமாக எரிந்தது. நாக்கில் ஒரு சொட்டு விட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது கண் கலங்கியிருந்தது. என் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுத் தேய்த்து மோந்து பார்க்கச் சொன்னார். முதலில் புகை. பிறகு கருப்பட்டி. கடைசியில், கை காய்ந்தபின், மழை நின்றதும் கானோரம் எழும்பும் பச்சை மணம். எங்கள் சுவரோரத்து மணம். செடி அங்கே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“இருவது வருஷம் பாப்பா, இருவது வருஷம்,” என்றார் மாமா. மொத்தம் மூன்று போத்தல்.

விசாரணை ஐயா காரில் வந்தார். வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விடும் பிள்ளைக்காம்பராவில் தொட்டில்களை ஒதுக்கி மேசை போட்டார்கள். அவர் தமிழர். நல்ல சகுனம் என்று லயமே பேசிக்கொண்டது. ஆனால் அவருடைய தமிழ் வேறு. எங்கள் தமிழைக் கேட்கும்போதெல்லாம் அவர் புருவம் கொஞ்சம் ஏறி இறங்கும். அப்பா தன்னிடமிருந்த துண்டுக் காகிதங்களை எல்லாம் வைத்தார்.

“இதெல்லாம் இப்பத்தைய கதை. அதுக்கு முந்தி நீர் இஞ்ச இருந்ததுக்கு என்ன அத்தாட்சி?”

“இங்கதாங்கய்யா இருந்தேன்.”

“இருந்தாப் போதாது. காட்டவேணும்.”

இந்த மூன்று சொற்களையும் சட்டமாக எழுதிவிட்டிருந்தால் அத்தனை பக்கம் அச்சடித்த செலவு மிச்சமாகியிருக்கும்.

சாப்பாட்டுக்கு எங்கள் காம்பராவுக்கு வந்தார். கணக்கப்பிள்ளை வீட்டிலிருந்து இரவல் வாங்கிய நாற்காலியில் உட்கார்ந்தார். கோழிக் குழம்பு, சோறு, சோடா, போத்தல். முதல் வாய் குடித்துவிட்டுக் கிளாசைத் தூக்கிப் பார்த்தார். இரண்டாவது வாய்க்குப் பிறகு, கொழும்பிலும் இப்படி ஒன்று குடிக்கவில்லை, இது என்ன சாமான் என்று கேட்டார். மாமாவுக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? பன்றியில் தொடங்கிக் குழி, கல், பானை என்று ஒன்றும் விடவில்லை. செடி இருபது வருஷம் முற்றியிருக்கவேண்டும் என்பதை மூன்று தடவை சொன்னார். இது மச்சான் கல்யாணத்துக்கு நட்டது, வருஷம் பேரெல்லாம் அதிலேயே எழுதியிருந்தது என்றும் சொன்னார்.

ஐயா கிளாசைக் கீழே வைத்தார்.

“உந்தக் கதையை ஏன் அங்க சொல்லேல்ல? அது அத்தாட்சியெல்லோ. வாரும், மரத்தைக் காட்டும்.”

மாமா போத்தலைப் பார்த்தார். அப்பாதான் கடைசியில் சொன்னார்: “அதத்தாங்கய்யா நீங்க குடிச்சிக்கிட்டு இருக்கீங்க.”

ஐயா சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்தார். அவர் சிரித்ததால் மாமா சிரித்தார். மாமா சிரித்ததால் அப்பாவும், தன் நாடு போய்க்கொண்டிருப்பதைப் பார்த்தபடியே, சிரித்தார். நானும் சிரித்தேன், நண்பர்களே. பின்னால் ஊரைச் சிரிக்கவைத்துப் பிழைத்தவள், முதன்முதலாகச் சிரித்த பெரிய சிரிப்பு அது.

அம்மா சிரிக்கவில்லை. உள்ளே போய் அக்காவின் மடலைக் கொண்டுவந்து கோழிக் குழம்புக்குப் பக்கத்தில் மேசைமேல் வைத்தாள். வெட்டி ஐந்து வாரமாகியும் அது இன்னும் வாடி முடியவில்லை.

“இது இருக்குங்கய்யா.”

ஐயா குனிந்து பெயரை வாசித்தார். தேதிகளை வாசித்தார். இலையில் யாரும் எப்போதும் எழுதலாம், நேற்றுக்கூட எழுதலாம் என்றார். சொன்னதோடு நிற்கவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து, அக்காவின் பெயருக்குக் கீழே தன் பெயரின் முதலெழுத்தைக் கீறினார். “இந்தா, நானும் எழுதிப்போட்டன். இதுவும் அத்தாட்சியோ?”

“உங்க எழுத்துல தண்ணி வருதுங்க,” என்றாள் அம்மா. “எம் புள்ள எழுத்துல வரல. அது காஞ்சி தடிக்கிறதுக்கு வருஷக்கணக்காவுங்க. ரெண்டயும் தடவிப் பாருங்க.”

அவர் தடவிப் பார்த்தார். அதுதான் என்னால் மறக்கமுடியாதது. கட்டைவிரலால் முதலில் தன் எழுத்தை, பிறகு அக்காவின் வடுவை, மெதுவாக, அம்மா தினமும் தடவுகிற மாதிரியே. படித்த மனிதர். விரலுக்குத் தெரிந்தது முகத்துக்கு ஏறியதை நான் பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. பிறகு கையைக் கைக்குட்டையில் துடைத்து, அதனாலேயே முகத்தையும் துடைத்துக்கொண்டார்.

“இந்தப் பிள்ளை எங்க?”

“செத்துப்போச்சுங்க.”

“செத்த பிள்ளைக்கு என்னத்துக்குப் பிரஜாவுரிமை?”

சொல்லிவிட்டுக் கிளாசை நீட்டினார். அப்பா ஊற்றினார்.

ஐயாவை விட்டுத்தள்ளுங்கள். இரவல் நாற்காலி எப்படியோ அப்படித்தான் அதில் உட்கார்ந்தவரும். அந்த ஊற்றலைத்தான் நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. கை நடுங்கியிருந்தால் மன்னித்திருப்பேன். ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றினார்.

போகும்போது ஐயா பெருந்தன்மையோடு இருந்தார். கள்ளச் சாராயம் பெரிய குற்றம், ஆனால் இதை எழுதமாட்டேன், பயப்படவேண்டாம் என்றார். அப்பா கைகூப்பினார். சாராயத்தை எழுதாத அந்தப் பேனாதான் மடலையும் எழுதப்போவதில்லை என்று அப்போது தோன்றவில்லை. இரண்டாவது போத்தலையும் காரில் வைத்துக்கொண்டார். கற்றாழைப் பால் பட்ட கைக்குட்டையால் வழியெல்லாம் முகத்தைத் துடைத்து, ஹட்டன் போய்ச் சேரும்போது இரண்டு கன்னமும் வீங்கி ஊசி போட்டுக்கொண்டாராம். டிரைவர் பிறகு கடையில் சொன்னான். மூன்று நாள் வீக்கம். எங்களுக்குக் கிடைத்த நீதி மொத்தமும் அவ்வளவுதான்.

சில மாதம் கழித்து இங்கிலீஷில் கடிதம் வந்தது. கணக்கப்பிள்ளை வாசித்து, தொடர்ந்து இருந்ததற்கு அத்தாட்சி எதுவும் கொடுக்கப்படவில்லை, மனு தள்ளுபடி என்று சொன்னார். அப்பா அதை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

“குடுத்தோமேங்க,” என்றார்.

அம்மா உள்ளே போய், மிஞ்சியிருந்த மூன்றாவது போத்தலை எடுத்து வந்து, செடி நின்ற இடத்தில் கவிழ்த்தாள். இருபது வருஷம் கழுத்து வழியே இறங்கி முடிய அரை நிமிஷம் பிடிக்கவில்லை. அந்த மணம் எழும்பியது. அதே புகை, அதே கருப்பட்டி.

அப்புறம் இரண்டு நாட்டுப் பெரியவர்கள் உட்கார்ந்து எங்களைப் பங்கு பிரித்தார்கள். நாங்கள் கப்பலேற்றி அக்கரைக்கு அனுப்பும் பங்கில் விழுந்தோம். அக்காவை அங்கே விட்டுவிட்டு, பெயரை மட்டும் டிரங்குப் பெட்டியில் கொண்டுவந்தோம். மடல் இப்போது என்னிடம் இருக்கிறது. காய்ந்து, சுருங்கி, பழைய செருப்புத் தோல் மாதிரி. அக்காவின் எழுத்து ஒவ்வொன்றும் தடித்து நிற்கிறது. கண்ணை மூடிக்கொண்டு விரலால் வாசிக்கலாம். ஐயா கீறிய எழுத்தைத் தேடினேன். சுருக்கங்களுக்குள் எது அது என்று தெரியவில்லை. அம்மா சொன்னது சரி.

இந்த இடத்தில் வழக்கம்போலச் சிரித்துவிடாதீர்கள். நாங்கள் அன்றைக்குச் சிரித்ததே போதும்.